ரேடியோ வாசித்த ஓலை

நம் வயதுக்காரர்கள் இப்போது ஒரு காரியம் செய்கிறார்கள். காலையில் எழுந்ததும் போனில் வந்திருப்பதையெல்லாம் நம்பி, நாலு பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் பல் தேய்க்கப் போகிறார்கள். எனக்கும் வருகிறது. ஒன்றையும் நான் நம்புவதில்லை. இதை இவர் எதற்கு அனுப்பினார், இவருக்கு யார் அனுப்பினார்கள், இதனால் யாருக்கு என்ன ஆக வேண்டியிருக்கிறது என்று யோசித்துவிட்டு அழித்துவிடுகிறேன். பிறவிச் சந்தேகக்காரி என்று என்னைக் கேலி செய்கிறீர்கள். பிறவியில் வந்ததில்லை இது. வந்த வருஷம் எனக்குத் தெரியும். எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில், நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது ஒரு தை மாதத்தில் வந்தது.

எங்கள் வீட்டு ரேடியோ அலமாரியின் மேல் இருந்தது. அத்தை பின்னிப் போட்ட வெள்ளை நூல் உறை அதற்கு உண்டு. திருகினால் உடனே பேசாது. உள்ளே வால்வு சூடேற வேண்டும்; தூசி காய்கிற வாசனை வரும்; பிறகு முகப்பில் பச்சைக் கண் திறக்கும். மெட்ராஸ் ஸ்டேஷன் வைத்தால் தகர டப்பாவில் மணலைப் போட்டு ஆட்டுகிற சத்தம்தான். கொழும்பு ஸ்டேஷனோ பக்கத்து வீட்டுக்காரர் பேசுகிற மாதிரி வரும். நடுவில் கடல்தானே, மறிக்க ஒரு மலை கிடையாது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் முள் அங்கேதான் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போனால் ஒரு பாட்டை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டே போய்விடலாம்.

கேட்டோமே தவிர எங்கள் வீட்டில் யாரும் அதை நம்பியதில்லை. அப்பா துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கிளார்க். "நியூஸ்ல பாதி பொய்யி, மீதி லேட்டு" என்பார். மரண அறிவித்தல் வாசிக்கும்போது மட்டும் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திக் கவனமாகக் கேட்பார். அதில் பொய் சொல்லி யாருக்கு என்ன லாபம் என்பது அவர் கணக்கு. அம்மாவுக்குப் பாடகிகள் மேல் சந்தேகம். "நாலு படத்துல நாலு பொண்ணு வாரா, நாலு பேரும் ஒரே தொண்டையில பாடுதா. இது என்ன நாயம்?" என்று மீன் ஆய்ந்துகொண்டே கேட்பாள். பின்னணிப் பாட்டு என்றால் என்ன என்று அத்தை பலமுறை விளக்கியிருக்கிறாள். ஒருத்தி வாயசைக்க இன்னொருத்தி பாடுவது ஏமாற்று வேலை என்ற முடிவிலிருந்து அம்மா கடைசிவரை இறங்கவில்லை.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. அப்போது இருபத்துநாலு வயது. படம் பார்க்க அவளோடுதான் போக வேண்டும். தியேட்டரே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது பக்கத்திலிருந்து காதில் சொல்வாள்: "இருமினா, லேஞ்சியில ரத்தம் வந்திட்டு, கதை முடிஞ்சுது. டாக்டர் வீட்டுக்குப் போறதுக்கு மட்டும் இந்தப் படத்துல ஒருத்தருக்கும் நேரம் கெடையாது, பாத்துக்க." லேஞ்சி என்றால் கைக்குட்டை, எங்கள் கடற்கரையில் இன்றும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. நான் சிரித்துவிடுவேன். முன்வரிசைப் பெண்கள் திரும்பி முறைப்பார்கள்.

அந்த மார்கழியில் ரேடியோவுக்கு வால்வு போய்விட்டது. ரேடியோ செட்டுக்காரர் வந்தார். கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போடுகிறவர், ஆழ்வார்திருநகரிப் பக்கத்து ஆள், இந்து; நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் தெருவில் எந்த ரேடியோ இருமினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மூன்று முறை வந்தார். அப்பா ஆபீசில், அம்மா அடுப்படியில், நான் பக்கத்தில் ஸ்டூலில். அத்தை டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர் ரேடியோவின் முதுகைக் கழற்றி உள்ளே தலையை விட்டுக்கொண்டு பேசுவார்.

பேச்செல்லாம் பாட்டுத்தான். அப்போது ஒரு படகுப் பாட்டு எங்கு பார்த்தாலும் ஓடிக்கொண்டிருந்தது. உலகத்திலேயே நல்ல பாட்டு அதுதான் என்றார் அவர். அத்தைக்கு அது ஆகவில்லை.

"படத்துல பாத்தீயளா? பாய் ஒரு பக்கம் உப்பியிருக்கு, படகு மத்தப் பக்கம் போகுது. எங்க தெருவுல ஒரு சின்னப்புள்ள கூடச் சிரிச்சிரும்."

"நான் படமே பாக்க மாட்டேன்மா. பாட்டுதான் கேப்பேன். பாட்டுல காத்து எங்கிட்டு அடிச்சா என்ன?"

"காத்து எங்கிட்டு அடிக்குன்னு தெரியாமலா ஒருத்தன் கடலைப் பத்திப் பாட்டு எழுதுனான்?"

"எங்க ஆத்துல பாயே கெடையாது. அதான் எனக்குப் பாட்டு நல்லாருக்கு."

அத்தை சிரித்தாள். அவரும் சிரித்தார். மூன்று நாளும் இதே சண்டைதான், திருப்பித் திருப்பி. மூன்றாம் நாள், அந்தப் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருதரம் கேட்டால் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கேட்டுப் பார்க்கிறேன் என்று அத்தை சொன்னாள். இதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது, நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கேட்க வேண்டுமென்றால் கார்டு எழுத வேண்டும். விரும்பிக் கேட்கிறவர்களின் பெயரை வாசித்துவிட்டுப் பாட்டுப் போடுவார்கள், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மற்ற ஊர்க்காரர்கள் கூடுதல் ஸ்டாம்பு ஒட்டிக் கடல் தாண்டி அனுப்பினார்கள். எங்களுக்கு அந்த வம்பு இல்லை. கொழும்புக்கு வெங்காயமும் ஓடும் ஏற்றிப் போகும் பாய்த்தோணிகள் இங்கிருந்துதான் புறப்படும். எதிர்வீட்டு மாமா ஒரு தோணிக்குத் தண்டல், அதாவது அதை ஓட்டிப் போகிற தலைவர். தெருக்காரர்கள் தங்கள் கார்டுகளை அவரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் அந்தக் கரையில் இறங்கி, அந்த நாட்டுக் கார்டில் எழுதித் தபாலில் போடுவார். இப்படித்தான் நடந்துவந்தது, யாரும் அதில் ஒரு தப்பும் கண்டதில்லை.

அத்தை கார்டு எழுதினாள். உன் பெயரும் உண்டு என்று என்னிடம் சொன்னாள். இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் என் கால் தரையில் பாவவில்லை. மூன்றாம் நாள் கார்டைத் தண்டல் மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுக்க நான்தான் போனேன். வழியில் படித்துப் பார்த்தேன். முதலில் ஒரு பெயர், நீல மையால் அடித்திருந்தது. இரண்டாவது அம்மாவின் பெயர், அதுவும் அடித்திருந்தது. மூன்றாவது அத்தை பெயர் மட்டும் பளிச்சென்று இருந்தது. முதல் பெயரை வெயிலில் பிடித்துப் பார்த்தேன், என் பெயர்தான். தன் பெயர் தனியாக ஒலிக்க வேண்டும் என்று அத்தை எங்களை அடித்துவிட்டாள் என்று நினைத்தேன். அவளிடம் கேட்கவில்லை. வயிறு எரிந்தது, கார்டைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதற்குள் அத்தைக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை எங்கள் ஆள்தான், கப்பலில் வேலை. வருஷத்தில் பத்து மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில். லீவு முடிவதற்குள், தவக்காலம் தொடங்குவதற்குள் கல்யாணம் நடக்க வேண்டும். அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து தெரிவிக்கக் கடவார்கள் என்று சாமியார் பீடத்திலிருந்து வாசிப்பார். எங்கள் கடற்கரையில் ஒரு பெண்ணின் பெயரும் ஓர் ஆணின் பெயரும் ஊர் கேட்கச் சேர்ந்து ஒலிப்பது அந்த ஓலையில் மட்டும்தான். வேறு எங்கேயும் சேர்ந்து ஒலிக்காது, ஒலிக்கவும் கூடாது.

முதல் ஓலை ஆனது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாம் ஓலையும் ஆனது. அத்தை முக்காடு போட்டுக்கொண்டு தலை குனிந்திருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் இடித்துச் சிரித்தார்கள். அன்று மத்தியானம் சாளைக் குழம்பு. தட்டுக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். ரேடியோ அறிவிப்பாளர், அடுத்து வரும் படகுப் பாடலைத் தூத்துக்குடியிலிருந்து விரும்பிக் கேட்கிறார்கள் என்று சொல்லி, அத்தை பெயரை வாசித்தார், எங்கள் தெருப் பெயரோடு. அடுத்த மூச்சில் ரேடியோ செட்டுக்காரர் பெயரை வாசித்தார். வேறு பெயர் இல்லை. இரண்டே பெயர், பிறகு பாட்டு.

அம்மா எழுந்து போய் ரேடியோவை அணைத்தாள். பயன் இல்லை. பக்கத்து வீட்டில் பாடியது, அதற்கடுத்த வீட்டில் பாடியது, தெரு முழுக்கப் பாடியது. பாட்டு முடிகிறவரை ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை.

"அவன் பேரு எப்படி வந்துச்சு?" என்றார் அப்பா.

"எனக்குத் தெரியாது அண்ணே. நான் எழுதல."

"ரெண்டு பேரும் ஒரே பாட்டு எப்படிக் கேட்டீய?"

"அந்தப் பாட்டு நல்லாருக்குன்னு அவரு சொன்னாரு. கேட்டுப் பாப்போமேன்னு..."

அவர் சொன்னாரா, எப்போது சொன்னார், எங்கே நின்று சொன்னார் என்று அப்பா கேட்டுக்கொண்டே போனார். அத்தை பதில் சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்தது. உண்மை இருக்கிறதே, சந்தேகக்காரன் காதில் விழுந்தால் அதுவும் சந்தேகமாகத்தான் போய்ச் சேரும்.

காலையில் கோயிலில் ஒருவன் பெயரோடு, மத்தியானம் ரேடியோவில் இன்னொருவன் பெயரோடு என்று தெரு பேசியது. அன்று சாயந்தரமே யாரோ சாமியாரிடம் போய்த் தடை சொல்லிவிட்டார்கள். வேடிக்கை பார்த்தீர்களா, ரேடியோ சொன்னதைக் கல்யாணத் தடை என்று கோயிலில் கொண்டுபோய்ப் பதிய வைத்த ஊர் உலகத்தில் எங்கள் ஊராகத்தான் இருக்கும். யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. எனக்கு மூன்று பேர் மேல் சந்தேகம் உண்டு. மூவரும் செத்துப்போனார்கள், சந்தேகம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்பா ரேடியோ செட்டுக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார். தானும் ஒரு கார்டு தண்டலிடம் கொடுத்ததாகவும் வேறெதுவும் தெரியாதென்றும் அவர் வாசலிலேயே நின்று சொன்னார். அப்பா நம்பவில்லை. இனிமேல் இந்தத் தெருவில் கால் வைக்கக் கூடாது என்றார். அவர் சரி அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்க வேண்டிய ஒரே ஆள் தண்டல் மாமா. அவரோ தோணியோடு அந்தக் கரையில் கிடந்தார். சரக்கு ஏற வேண்டும், காற்று வாய்க்க வேண்டும். எப்போது வருவார் என்று யாருக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். அம்மா காப்பி போட உள்ளே போனதும் கையிலிருந்த மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து என்னைக் கூப்பிட்டாள். முந்திரி வாசனையும் சீனி வாசனையுமாக இருந்தது, வாயில் போட்டதும் கரைந்தது.

"ஏளா, இங்கன வா. அந்த ரேடியோ செட்டுக்காரன் உங்க வீட்டுக்கு வருவானா?"

"வருவாரு. ரிப்பேருக்கு."

"உங்க அத்தை அவன்ட்ட பேசுவாளா?"

"பேசுவாங்க."

"சிரிச்சிப் பேசுவாளோ?"

"ஆமா."

"எம்புட்டு நேரம்?"

"ரொம்ப நேரம்."

இன்னொரு மக்ரூன் கொடுத்தாள். காப்பி வருவதற்கு முன்னால் எழுந்து போய்விட்டாள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்தார். எங்களுடையதை வாசிக்கவில்லை. அத்தை தலை குனியாமல் நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரும் இடிக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை தோணி வந்தது. அப்பா ஆபீசிலிருந்தே துறைமுகத்துக்கு ஓடி, தண்டல் மாமாவைக் குளிக்கக்கூட விடாமல் வீட்டுக்கு இழுத்து வந்தார். உப்புப் பூத்த கையோடு அவர் எங்கள் முற்றத்தில் நின்று விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு மலங்க மலங்க விழித்தார். அவ்வளவு பெரிய ஆள் அப்படி விழித்து நான் பார்த்ததில்லை.

"நான்தாம்பா எழுதுனேன். ரெண்டு கார்டுலயும் ஒரே பாட்டு, ஒரே ஊரு. எதுக்கு ரெண்டா எழுதணும்னு ஒண்ணாச் சேத்து எழுதிட்டேன். எப்பமும் அப்படித்தான செய்யுதேன். போன தடவ பதினோரு பேரை ஒரே கார்டுல எழுதுனேன், அதுக்கு ஒரு சண்டையும் வரலியே."

"பதினோரு பேரு வேற அண்ணாச்சி. இது ரெண்டே பேரு," என்றார் அப்பா.

"நான் என்ன செய்ய? உன் தங்கச்சி கார்டுல மூணு பேரு இருந்துச்சு, ரெண்டை அடிச்சிருந்துச்சு. அடிச்ச பேரை நான் எப்படி எழுத?"

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அடுப்படி வாசலில் நின்ற அம்மா மெதுவாகச் சொன்னாள். "நான்தான் அடிச்சேன். என் பேரும் புள்ள பேரும் ஊரெல்லாம் கேக்கணுமான்னு அடிச்சேன். அவ கட்டிக்கிட்டுப் போறவதானேன்னு அவ பேரை விட்டுட்டேன்."

மானத்துக்குப் பயந்து அம்மா அடித்த இரண்டு பெயர் அப்படியே இருந்திருந்தால் மூன்று பெண்களும் ஓர் ஆணுமாக நாலு பெயர் வந்திருக்கும்; யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அம்மாவுக்கு அது புரிந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் புரிந்தது வேறு. என் பெயரை அத்தை அடிக்கவில்லை. முதல் பெயராக எழுதியிருந்தாள், தன் பெயருக்கும் மேலே. எனக்கு அழுகை வந்தது. கல்யாணத்துக்காக அழுகிறாள் என்று தண்டல் மாமா என் தலையைத் தடவினார்.

அப்பா அவரை நேரே சாமியாரிடம் கூட்டிப் போனார். மாப்பிள்ளை வீட்டுக்கும் ஆள் போனது. சனிக்கிழமை காலையில் சாமியார் அறையில் எல்லோரும் கூடினோம்: மாப்பிள்ளை, அவன் அம்மா, எங்கள் அப்பா, அத்தை, தேவைப்பட்டால் கேட்கலாம் என்று நான். மாப்பிள்ளை நல்ல உயரம், கையில் கப்பலில் வாங்கிய கடிகாரம். சாமியார் முன்னால் பெரிய பதிவுப் புத்தகம் திறந்திருந்தது.

"தோணியும் வந்திட்டு, தெளிவும் வந்திட்டு. நாளைக்கு மூணாவது ஓலையை வாசிச்சிருவோம், என்ன?" என்றார் சாமியார்.

"எனக்கு இப்பம் ஒரு சந்தேகமும் இல்ல சாமி," என்றான் மாப்பிள்ளை.

"எப்பத்துல இருந்து இல்ல?" என்று அத்தை கேட்டாள்.

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. "தண்டல் வந்து சொன்னதுல இருந்து."

"நானும் அதைத்தான அன்னைக்கே ஆள்ட்ட சொல்லிவிட்டேன். அந்தக் கார்டுல அவரு பேரை நான் எழுதலன்னு. அப்பம் ஏன் நம்பல?"

"ஊரு வாயை மூட ஒரு சாட்சி வேணும்லாம்மா," என்றாள் அவன் அம்மா.

அத்தை அவள் பக்கம் திரும்பவில்லை. அவனிடமே பேசினாள். "தோணி வராமப் போயிருந்தா?"

அவன் கடிகாரத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

"வருஷத்துல பத்து மாசம் நீங்க கடல்ல இருப்பீய. நான் ஒருத்தர்ட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டா, எனக்குச் சாட்சி சொல்ல ஒவ்வொரு தடவையும் எந்தத் தண்டல் வருவாரு?"

"ஏளா, வாயை மூடு," என்றார் அப்பா.

"ஓலை வேண்டாம் சாமி," என்றாள் அத்தை.

சாமியார் புத்தகத்தை மூடினார்.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஈஸ்டர் வரை அப்பா அவளோடு பேசவில்லை. ஜூன் மாதம் அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராகச் சேர்ந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேட்டவர்களிடம் நேரம் இல்லை என்றாள். ரேடியோ செட்டுக்காரர் தன் ஊருக்கே குழாய்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு தப்பும் செய்யாத அந்த மனிதருக்காக எங்கள் தெருவில் ஒருவரும் வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில் வேறெதுவும் இருந்திருக்குமோ என்று, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கே பின்னாளில் ஒருமுறை தோன்றியது. அன்று என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை சாமியார் அறையிலிருந்து கடற்கரை ரோடு வழியாகத் திரும்பினோம். அப்பா கோபத்தில் எட்டு வைத்து முன்னால் போய்விட்டார். நல்ல வெயில். காயப்போட்ட கருவாட்டு வாடை. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அத்தை, நான்தான் அந்தம்மாட்ட சொன்னேன்."

"தெரியும்."

"நீங்க பேசுனதும் சிரிச்சதும் நெசம்தான?"

"நெசம்தான். என்ன பேசுனோம்னு கேட்டாங்களா?"

"கேக்கல."

கையை அவள் விடவில்லை.

"பாட்டைப் பத்தித்தான்னு நீயாச் சொல்லியிருக்கலாம்லா," என்றாள்.

அதில் கோபம் இல்லை. அதனால்தான் இன்றும் கேட்கிறது. சின்னப்பிள்ளை, அந்த நேரத்தில் சொல்லத் தோன்றவில்லை என்று இத்தனை வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். பொய். தோன்றியது. என் பெயரை அடித்தவளுக்காக நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.